இயற்பியலும் பொறியியலும் காசில்லாமல் இணையத்தில் படிக்க: எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு செய்முறை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கம் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைக்கு, பிளஸ் ஒன் சேர்ந்த முதல் வாரத்திலேயே இயற்பியல் முழுக்க ஆங்கிலமாகிவிடுகிறது. வகுப்பில் விளக்கம் மலையாளத்தில், வீட்டில் பேச்சு தமிழில். பாலிடெக்னிக் போனாலும் பி.டெக் போனாலும் இதே நிலைதான். கோயம்புத்தூருக்கு அனுப்பி டியூஷன் வைக்க எல்லா வீட்டிலும் வசதி இருக்காது. ஆனால் தரமான பாடங்கள் இணையத்தில் இலவசமாகக் கொட்டிக் கிடக்கின்றன. எதை எடுப்பது, எதற்குப் பிறகு எதை எடுப்பது என்பதில்தான் பிள்ளைகள் திணறுகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து படித்ததில் பலன் தந்த வரிசை இது.

படி 1: ஒரே ஒரு தலைப்பை எடுங்கள்

"இயற்பியல் இலவச வகுப்பு" என்று தேடினால் விளம்பரம்தான் வந்து நிற்கும். சிலபஸை விரித்து, இந்த வாரம் புரியாத ஒரு தலைப்பை மட்டும் குறியுங்கள். இங்கே மின்சுற்று பற்றிய கிர்க்காஃப் விதிகளை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலப் பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் தேடல் பெட்டியில் எழுதுங்கள். பிறகு ஒரு இடைவெளி விட்டு, சைட் என்ற ஆங்கிலச் சொல், ஒட்டியபடி முக்காற்புள்ளி, அதை ஒட்டியே ஏசி டாட் இன் என்று சேருங்கள் (site:ac.in). இந்தியக் கல்வி நிறுவனங்களின் பக்கங்களாக வந்து விழும். ஏசி டாட் இன் இருக்கும் இடத்தில் இடியு (edu) என்று போட்டால் பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வரும்.

படி 2: தமிழில் ஒருமுறை வாசியுங்கள்

தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நூல்கள் பிடிஎஃப்-ஆகக் கிடைக்கின்றன. தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டையும் இறக்குங்கள். இரண்டும் ஒரே நூல்தான்: அதே அலகு, அதே படம், அதே சமன்பாடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்தி பத்தியாகப் படித்தால், மின்னியக்கு விசையும் மின்னழுத்த வேறுபாடும் ஆங்கிலத்தில் என்னவென்று தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கேரளத்தில் பிளஸ் டூவுக்கு என்சிஇஆர்டி நூல். அத்தியாய வரிசை கொஞ்சம் மாறும், இயற்பியல் மாறாது. அந்த நூலும் இலவச பிடிஎஃப்-ஆக உண்டு. பத்தாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்குக் கேரள அரசின் சமக்ரா தளத்தில் தமிழ் வழிப் பாடங்களே இருக்கின்றன.

பொறியியல் படிப்பவர்கள், தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ நடத்தும் இ-கும்ப் தளத்தைப் பாருங்கள். டிப்ளமோ, பட்டப்படிப்பு இரண்டுக்கும் தமிழில் எழுதிய நூல்களை அங்கிருந்து இறக்கிக்கொள்ளலாம். இப்படி ஒன்று இருப்பதே நம் பக்கத்தில் பலருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

படி 3: கையால் செய்து பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-ல் தொடங்கியது ஃபெட் தளம். ஆங்கிலத்தில் பி, எச், இ, டி என்று நான்கே எழுத்து. போனிலேயே ஓடும், சில சிமுலேஷன்களுக்குத் தமிழும் உண்டு.

அதில் நேர்மின்னோட்டச் சுற்று அமைக்கும் சிமுலேஷனைத் திறங்கள். 9 வோல்ட் பேட்டரி, 10 ஓம் மின்தடை ஒன்று, ஒரு அம்மீட்டர் வைத்து இணையுங்கள். 0.90 ஆம்பியர் காட்டும். இன்னொரு 10 ஓமைத் தொடரில் சேர்த்தால் 0.45. வோல்ட்மீட்டரை ஒவ்வொரு மின்தடைக்கும் குறுக்கே வையுங்கள்: 4.5, 4.5. கூட்டினால் பேட்டரியின் 9 வந்துவிட்டது. கிர்க்காஃபின் இரண்டாம் விதி அதுதான். இப்போது இரண்டையும் பக்க இணைப்பாக மாற்றுங்கள். பேட்டரியிலிருந்து 1.80 வருகிறது, சந்தியில் 0.90, 0.90 என்று பிரிகிறது. இது முதல் விதி.

அதன் பிறகு ஒரு மின்தடையை 20 ஓம் ஆக்குங்கள். மீட்டரைப் பார்க்கும் முன் விடையை நோட்டில் எழுதிவிட வேண்டும். 0.90-ம் 0.45-ம் சேர்ந்து 1.35. என்னிடம் படிக்கும் ஒரு பெண் இதை எழுதிவிட்டுப் போனைத் திருப்பிப் பார்த்து, "டீச்சர், இவ்வளவுதானா இது!" என்றாள். அதற்கு முன் அவள் அந்த அத்தியாயத்தையே ஒதுக்கி வைத்திருந்தாள்.

கல்லூரி அளவுச் சோதனைகளுக்கு மத்திய அரசின் விர்ச்சுவல் லேப்ஸ் தளம் போதும். நிஜ ஆய்வகத்துக்குப் போவதற்கு முதல் நாள் இரவு அதில் ஒருமுறை செய்து பாருங்கள், கை தடுமாறாது.

படி 4: ஒரு வகுப்பைத் தேர்ந்து அதிலேயே இருங்கள்

ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்பிடெல் என்ற விரிவுரைத் தளம், பொறியியலுக்கு முதல் இடம். பல பாடங்களின் விரிவுரை எழுத்து வடிவில் தமிழிலும் கிடைக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி தன் பாடங்களை ஓப்பன் கோர்ஸ்வேர் என்ற பெயரில் திறந்து வைத்திருக்கிறது. கணக்கு தொடங்க வேண்டாம், மின்னஞ்சல் கொடுக்க வேண்டாம். அடிப்படையே ஆட்டமாக இருந்தால் கான் அகாடமியில் தொடங்குங்கள்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். பத்து நிமிடம் பாருங்கள், சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள், வேகத்தைக் குறையுங்கள். ஒத்து வந்தால் அந்த அத்தியாயம் முடியும்வரை அந்த ஆசிரியரை விட்டு வேறு ஒருவரிடம் போக வேண்டாம்.

படி 5: கணக்கு போடுங்கள்

வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். பேனாவை எடுத்தால்தான் உண்மை தெரியும். எம்ஐடி பாடப் பக்கங்களில் அசைன்மென்ட்ஸ், எக்ஸாம்ஸ் என்ற பகுதிகளைத் தேடுங்கள்; பல பாடங்களுக்கு விடையும் கூடவே இருக்கும். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தில் மூன்று தொகுதிகளாக இருக்கும் பல்கலைக்கழக இயற்பியல் நூலில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் கணக்குகள் உண்டு. ஒரு மணி நேர வீடியோவுக்கு இரண்டு மணி நேரமாவது கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை விட்டால் முந்தைய நான்கு படிகளும் வீண்.

படி 6: மென்பொருள்

நிரல் எழுதும் பைத்தான், கணக்கீடு செய்யும் சைலேப் போன்றவற்றுக்கு ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியல். பாடம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து நிமிடம், தமிழ்க் குரலிலேயே கேட்கலாம். கேட்டுக்கொண்டே கூடவே கணினியில் செய்ய வேண்டும்.

சிக்னலும் டேட்டாவும்

தோட்டத்து வீடுகளில் சிக்னல் வந்து வந்து போகும். அதனால் சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃபெட் சிமுலேஷன்களை இறக்கினால் நெட் இல்லாமலே ஓடும். ஓப்பன்ஸ்டாக்ஸ் நூல்கள் பிடிஎஃப். என்பிடெல் வீடியோக்களையும் இறக்கலாம். குறைந்த தரத்தில் எடுத்தால் போதும், கரும்பலகை தெளிவாகவே தெரியும்.

டெலிகிராமில் சுற்றும் திருட்டு பிடிஎஃப், முன்பின் தெரியாத ஆப் பக்கம் போக வேண்டாம். மேலே சொன்ன எந்தத் தளமும் படிப்பதற்கு வங்கி விவரம் கேட்காது.

சான்றிதழ் வேண்டுமென்றால்

என்பிடெலில் படிப்பு இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம். ஜனவரியிலும் ஜூலையிலும் பாடங்கள் தொடங்குகின்றன, தேர்வை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இது அவசரமில்லை. பி.டெக் படிப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் துறைத் தலைவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தப் பாடத்துக்கு நம் கல்லூரியில் கிரெடிட் உண்டா, உண்டென்றால் எந்தப் பாடத்துக்குப் பதிலாக? பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு பதிவு செய்யுங்கள்.