கிட் புறக்கணிப்பு விதிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் மென்பொருளான கிட்டில் எவற்றைக் கண்காணிக்க வேண்டாம் என்று .கிட்இக்னோர் கோப்பில் எழுதும் வரி, பெயரை மட்டும் ஒப்பிடுவதில்லை. அந்தப் பெயருக்கு உரியது கோப்பா கோப்புறையா, பாதை எந்த இடத்திலிருந்து அளக்கப்படுகிறது என்பவற்றையும் சேர்த்தே தீர்மானிக்கிறது. இதை மறப்பதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

அதிகம் குழப்புவது, விலக்கிய கோப்புறைக்குள்ளிருந்து ஒரே ஒரு கோப்பை மட்டும் மீட்க முயல்வது. முதலில் 'தரவு/' என்றும் அடுத்த வரியில் '!தரவு/மாதிரி' என்றும் (தொடக்கத்தில் வரும் ! விலக்கலை நீக்கும் குறி) எழுதுபவர், கடைசியாகப் பொருந்தும் வரியே செல்லும் என்ற விதியை நம்பி எழுதுகிறார். விதி சரிதான், ஆனால் ஒரு கோப்புறை விலக்கப்பட்டுவிட்டால், வேகம் கருதி கிட் அதற்குள் நுழைந்து பார்ப்பதே இல்லை என்பதால், உள்ளே இருக்கும் கோப்பு ஒப்பீட்டுக்கே வருவதில்லை. கோப்புறையை விட்டுவிட்டு அதன் உள்ளடக்கத்தை மட்டும் விலக்கும் வகையில் முதல் வரியை 'தரவு/*' என்று மாற்ற வேண்டும். மீட்க வேண்டியது 'தரவு/பொது/மாதிரி' என்று இன்னும் ஆழத்தில் இருந்தால், '!தரவு/பொது/', 'தரவு/பொது/*', '!தரவு/பொது/மாதிரி' என்று படிப்படியாகத் திறந்துகொண்டு போக வேண்டும். எழுதச் சலிப்பாகத்தான் இருக்கும்.

இந்தத் திருத்தத்திலேயே இன்னொரு பொறி உண்டு. சாய்கோடு இறுதியில் மட்டும் இருக்கும் 'தரவு/' எந்த ஆழத்தில் உள்ள கோப்புறைக்கும் பொருந்தும். தொடக்கத்திலோ நடுவிலோ சாய்கோடு வந்துவிட்டால், அந்த .கிட்இக்னோர் இருக்கும் இடத்திலிருந்து மட்டுமே பாதை அளக்கப்படும். எல்லா ஆழங்களிலும் பொருந்த '**/தரவு/*' என்று எழுத வேண்டும். மேலும், கோப்புறையைச் சுட்டும் குறியீட்டு இணைப்பைக் (சிம்லிங்க்) கிட் கோப்புறையாகக் கருதாது என்பதால், 'தரவு/' அதற்குப் பொருந்தாது.

ஒரே வடிவம் எல்லா இடங்களிலும் ஒரே பொருள் தரும் என்று எண்ணுவதும் தவறு. கோப்புகளுக்குப் பண்புகளை ஒதுக்கும் .கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் ஆச்சரியக்குறி விதிகளுக்கு இடமில்லை. அங்கே 'தரவு/' என்று எழுதினால் உள்ளிருக்கும் கோப்புகளுக்குப் பண்பு சேராது, 'தரவு/**' என்றே எழுத வேண்டும். கிட்டைப் போன்ற இன்னொரு மென்பொருளான மெர்க்குரியலின் .எச்ஜிஇக்னோர் கோப்போ, வேறு தொடரியலைக் குறிப்பிடாதவரை ஒவ்வொரு வரியையும் சுருங்குறித் தொடராகவே (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) படிக்கிறது. பெயரின் நடுவில் பொருந்தினாலும் அதற்குப் போதும்.

விதி வரியின் இறுதியில் # போட்டுக் குறிப்பு எழுதினால், அந்தக் குறிப்பும் விதியின் பகுதியாகிவிடும்.

ஏற்கெனவே கண்காணிப்பில் உள்ள கோப்பைப் புறக்கணிப்பு விதி தொடாது. 'கிட் ஆர்எம் --கேஷ்டு' கட்டளையால் முதலில் அதைக் கண்காணிப்பிலிருந்து எடுக்க வேண்டும். எந்த வரி பொருந்தியது என்று ஊகிப்பதை விட, 'கிட் செக்-இக்னோர் -வி' கட்டளையிடம் கேட்பது நல்லது. கண்காணிப்பில் உள்ள கோப்புகளைப் பற்றி அது இயல்பாக எதுவும் சொல்லாது என்பதால், அவற்றுக்கு '--நோ-இன்டெக்ஸ்' தேர்வையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.