கொழும்பு நெரிசலில் பழைய செடான் கார்: கோளாறைச் சோதித்துத் திருத்துவது எப்படி

2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. வரியோடு சேர்ந்த புதிய விலையைக் கேட்ட பலர், கையில் இருக்கும் டொயோட்டா 121 கொரோலாவையோ நிசான் எஃப்.பி. 15 சன்னியையோ இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவதென்று முடிவு செய்திருக்கிறார்கள். அது நியாயமான முடிவுதான். இந்தக் கார்களின் அமைப்பு எளிமையானது, சாமான் கிடைக்கிறது, வேலை தெரிந்த பாஸ்மாரும் (மெக்கானிக்குகளும்) இருக்கிறார்கள். பணம் வீணாவது பெரும்பாலும், கோளாறு எங்கே என்று சோதிக்காமல் ஊகத்தில் ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்ப்பதில்தான்.

கொழும்பில் முதலில் கவனிக்க வேண்டியது எஞ்சின் சூடேறுவதை. மாலை வேளையில் காலி வீதி வழியே பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளைக்கு ஊர்ந்து செல்லும் காரின் ரேடியேற்றருக்கு எதிர்க்காற்று கிடைப்பதில்லை. அதைக் குளிரவைக்கும் முழுப் பொறுப்பும் மின்விசிறியின் மேல் விழுகிறது. ஆகவே, சூடு எப்போது ஏறுகிறது என்று பார்த்தாலே கோளாறு இருக்கும் பக்கம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். நெரிசலில் ஏறி, வீதி திறந்து வேகம் பிடித்ததும் இறங்குமானால் விசிறி, அதன் ரிலே, சென்சர் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். மாறாக, தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது ஏறுமானால், அடைபட்ட ரேடியேற்றர், சூடேறியதும் நீருக்கு வழிவிட வேண்டிய, ஆனால் முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த தண்ணீர்ப் பம்ப் என்று நீரோட்டத்தைத் தடுப்பவற்றைத் தேட வேண்டும். விசிறியைச் சோதிக்கக் கருவி தேவையில்லை. எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டால் இந்த வகைக் கார்களில் விசிறி சுழல வேண்டும். ஏசிக்குச் சுழன்று, சூட்டுக்கு மட்டும் சுழலாவிட்டால் மோட்டார் பெரும்பாலும் நல்லது, அதற்குக் கட்டளை கொடுக்கும் சென்சரிலோ ரிலேயிலோ வயரிலோதான் பிழை. இதைத் தெரிந்துகொண்டு கராஜுக்குப் போகிறவருக்கு எவரும் புதிய விசிறி மோட்டாரை விற்க முடியாது.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும் காலையில் ரேடியேற்றர் மூடியைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்குள்ள இறப்பர் வளையம் வெடித்தோ கல்லாக இறுகியோ இருந்தால் மூடி அழுத்தத்தைப் பிடிக்காது. அழுத்தம் இல்லாவிட்டால் நீர் முன்கூட்டியே கொதிக்கும். மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். பழையதில் உள்ள அதே எண்ணுடைய மூடியைத்தான் வாங்க வேண்டும். முழுத் தொகுதியிலும் மலிவான சாமான் இதுதான் என்பதால், ரேடியேற்றரைக் கழற்றச் சொல்வதற்கு முன் இதை மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை.

உள்ளே இருக்கும் நீர் துருநிறமாக இருந்தால், யாரோ வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள். “இங்கே பனியா கொட்டுகிறது, கூலன்ற் எதற்கு?” என்ற கேள்வி கராஜ்களில் இன்றும் கேட்கிறது. உறைவதைத் தடுப்பது கூலன்றின் ஒரு வேலை மட்டுமே. எஞ்சினுக்குள் இருக்கும் இரும்பும் அலுமினியமும் அரிக்கப்படாமல் காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் அதன் மற்ற வேலைகள், அவை நமக்கும் வேண்டியவை. செறிவுள்ள கூலன்றை வாங்கினால், வடித்த நீருடன் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றலாம். கலந்தே விற்கப்படுவதில் மேலும் நீர் சேர்க்கக் கூடாது.

வழியில் முள் சிவப்பை நோக்கி ஏறினால் ஏசியை நிறுத்தி, காரில் ஹீற்றர் இருந்தால் அதை முழுதாகத் திறந்து, ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். மூடியை அப்போது தொடக் கூடாது. பீறிட்டு வரும் நீர் முகத்தைச் சுட்டுவிடும். அரை மணி நேரமாவது காத்திருந்து, ஆறிய பின்பே நீர் ஊற்ற வேண்டும். “வீடு பக்கம்தானே” என்று அந்தச் சூட்டில் ஓட்டினால் எஞ்சினின் மேற்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்து, அதன் அடியில் நீரும் ஒயிலும் கலக்காமல் தடுக்கும் கஸ்கெட் போய்விடும். கசிவு எதுவும் கண்ணில் படாமல் நீர் குறைவதும், காலையில் எஞ்சினை இயக்கியதும் ரேடியேற்றர் வாயில் தொடர்ந்து குமிழிகள் வருவதும், டிப்ஸ்டிக்கில் ஒயில் பால்தேநீர் நிறமாக இருப்பதும் அதன் அடையாளங்கள். ஒயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்பசை இருந்தால் அஞ்ச வேண்டாம். குறுந்தூரம் மட்டுமே ஓடும் கார்களில் ஈரம் படிந்து அப்படி ஆவதுண்டு.

காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும் கேட்கும் கோளாறுக்கு உடனே புதிய பற்றரி வாங்கிவிடாதீர்கள். வெள்ளவத்தையில் கடற்பக்கத்து ஒழுங்கைகளில் நிறுத்தப்படும் கார்களில் உப்புக்காற்று இணைப்புகளை விரைவாகவே அரித்துவிடும். பற்றரி முனைகளில் வெண்பச்சைத் தூள் படிந்திருந்தால் மின்சாரம் சரியாகப் பாயாது. மைனஸ் வயரை முதலில் கழற்றி, சுடுநீரில் கரைத்த அப்பச்சோடாவால் முனைகளைக் கழுவி, துடைத்துக் காயவைத்து, மைனஸைக் கடைசியாக மாட்டி இறுக்குங்கள். பற்றரியிலிருந்து எஞ்சினுக்கும் பொடிக்கும் போகும் ஏர்த் வயர்களின் போல்ட்டுகளையும் அப்படியே சுத்தம் செய்ய வேண்டும். பிறகு மல்ரிமீற்றரை வைத்துப் பாருங்கள். இரவு முழுதும் நின்ற காரில் 12.6 வோல்ற் அளவில் இருந்தால் பற்றரி நிறைந்திருக்கிறது. 12 வோல்ற்றை ஒட்டி இருந்தால் ஏறக்குறைய வெறுமையாகிவிட்டது. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். அது 13-ஐயும் எட்டாவிட்டால் சார்ஜ் செய்யும் ஓல்டனேற்றரிலோ அதன் பெல்ற்றிலோ கோளாறு; அந்த நிலையில் எத்தனை பற்றரி மாற்றினாலும் வீண்.

பிரேக் ஒயில் நம் ஊரில் பெரிதும் புறக்கணிக்கப்படும் ஒன்று. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 வகையின் கொதிநிலை குறைந்தபட்சம் 205 பாகை செல்சியஸாக இருக்க வேண்டும் என்பது நியமம். ஈரம் சேர்ந்த பின் அதற்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச அளவு 140 மட்டுமே. கொழும்புக்குள் இந்த வித்தியாசம் தெரியாது. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கும்போது, சூடேறிய பிரேக்கில் அந்த ஒயில் கொதித்து, மிதி தரைவரை அமுங்கும்போதுதான் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். இறக்கத்தில் ஓட்டோ கியர் காரையும் 2 அல்லது எல் நிலையில் போட்டு, எஞ்சின் பிடியிலேயே இறக்குங்கள். தொட்டியில் மட்டம் மெல்ல இறங்கி வருவது பெரும்பாலும் பிரேக் பாட் தேய்வதைக் காட்டுகிறது, ஆகவே மேலே ஊற்றுவதற்கு முன் பாட்டைப் பாருங்கள்.

முன்பக்கச் சத்தங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது ‘கடகட’ என்றால் எஞ்சின் விசையைச் சில்லுக்குக் கொண்டுபோகும் தண்டின் மூட்டான சி.வி. ஜொயின்ற், குழிகளில் மெல்லிய தட்டல் என்றால் முதலில் கார் சாயாமல் பிடிக்கும் கம்பியின் இணைப்பான ஸ்டபிலைசர் லிங்க், அடுத்து இறப்பர் புஷ்கள். சில்லைத் தாங்கும் மூட்டான போல் ஜொயின்ற் ஆடினால் மட்டும் நாள் கடத்தக் கூடாது, ஏனெனில் அது கழன்றால் சில்லே மடங்கிவிடும்.

எஞ்சின் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ற் பற்றிய குழப்பம் நிறைய உண்டு. 110 கொரோலாவின் 5ஏ எஞ்சினில் இருப்பது பெல்ற்; கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்குச் சான்று இல்லாவிட்டால், தண்ணீர்ப் பம்ப்புடன் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. இங்கு ஓடும் பெற்றோல் 121 கொரோலாவிலும் எஃப்.பி. 15 சன்னியிலும் இருப்பது செயின். அதற்குத் தவணை மாற்றம் கிடையாது, ஒயிலைக் காலத்துக்கு மாற்றினால் போதும்.

வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் பெற்றோல் கார் தவறினால், எயார் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், ஒட்சிசன் சென்சர் என்ற வரிசையில் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினோடு போகாமல், இருபது நிமிடமாவது ஓட்டிச் சூடாக்கிய பின் போவதும் உதவும். நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. இரவு நின்ற பிறகு இயக்கியதும் மட்டும் வந்து மறைந்தால் அது பெரும்பாலும் வால்வ் சீல். ஏற்றத்தில் முடுக்கும்போதெல்லாம் வந்தால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங்.

மழைக்காலத்தில், 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவைப் பக்கம் கண்டதுபோல் தெருவே ஆறாகும் நாளில், தேங்கிய நீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் இயக்கிப் பார்க்கவே கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காது; பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ரொட்தான் வளையும். தள்ளிக் கரை சேர்த்து, பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றி, பிளக்குகளைக் கழற்றிய பின்பே எஞ்சினைச் சுழற்ற வேண்டும். கியர் ஒயில் இளஞ்சிவப்புப் பால் போல மாறியிருந்தால் அதையும் மாற்றும்வரை ஓட்டக் கூடாது.

சாமான் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர்கள் பழைய சாமானைக் கழுவிக் கையோடு கொண்டுபோக வேண்டும். பொனட்டின் கீழ் உள்ள தகட்டில் பொறித்திருக்கும் மொடல் இலக்கத்தையும் சேசி இலக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே 121-இல் கூட எஞ்சினுக்கு எஞ்சின் சாமான் மாறும். ரீகண்டிஷன் ஓல்டனேற்றரும் ஸ்டார்ட்டரும் சோதித்துக் காட்டினால் வாங்கலாம். பிரேக் பாட், தண்ணீர்ப் பம்ப், டைமிங் பெல்ற், போல் ஜொயின்ற் ஆகியவற்றை மட்டும் புதிதாகவே வாங்குங்கள். பற்றுச்சீட்டில் சாமானின் இலக்கத்தையும் மாற்றித் தரும் காலத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.