முடிச்சை அவிழ்க்காமல் படத்தைச் சொல்வது: திகில், குற்றப் படங்களைப் பற்றிக் கருத்து எழுதும் முறை

திகில் படத்தையோ கொலையும் துப்பறிதலும் நிறைந்த குற்றப் படத்தையோ பார்த்து முடித்ததும், அதைப் பற்றி யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்ற தவிப்பு எழுவது இயல்பு. ஆனால் மற்ற வகைப் படங்களுக்கு அவ்வளவாக இல்லாத ஒரு சங்கடம் இவ்விரண்டு வகைகளுக்கும் உண்டு. எது நம்மை உலுக்கியதோ, பெரும்பாலும் அதையே நாம் சொல்லக்கூடாது. சொல்லிவிட்டால் கேட்பவருக்குப் படம் அங்கேயே முடிந்துவிடும். சொல்லாமல் "அருமை, அவசியம் பாருங்கள்" என்று நிறுத்திக்கொண்டாலோ, அதில் கருத்து என்று எதுவும் இருக்காது. ரகசியத்தைக் காத்துக்கொண்டே ஒரு படத்தைப் பற்றி ஆழமாகப் பேச வழி இருக்கிறது. பல ஆண்டுகள் இவ்வகைப் படங்களைப் பார்த்தும் அவற்றைப் பற்றி எழுதியும் எனக்குப் பிடிபட்ட வழியை இங்கே தருகிறேன்.

படம் முடிந்த கையோடு

முதலில், பிறர் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடிப் படிப்பதற்கு முன்பே உங்கள் குறிப்பை எழுதிவிடுங்கள். பத்து வரி போதும். எந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டீர்கள், எந்த இடத்தில் கவனம் சிதறியது, யார்மீது எப்போது சந்தேகம் வந்தது, அந்தச் சந்தேகம் எப்போது இடம் மாறியது என்பவற்றை நினைவு கலையும் முன்பே பதிந்துவைக்க வேண்டும். குற்றப் படத்துக்கு இது மிகவும் தேவை. குற்றவாளி யாரென்று தெரிந்தபின், "எனக்கு முதலிலிருந்தே அவன்மேல்தான் சந்தேகம்" என்று நம்முடைய மனமே பழையதைத் திருத்தி எழுதிவிடும். அதில் பொய் சொல்லும் எண்ணம் இருப்பதில்லை. நினைவின் இயல்பே அது. இடைவேளையில் யாரைச் சந்தேகித்தோம் என்று ஒரு வரி குறித்துவைத்திருந்தால், படம் நம்மை எவ்வளவு திறமையாகத் திசை திருப்பியது என்பதற்கு அதுவே சான்றாகும்.

ஒரு முறை பேய்ப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, "மின்விசிறிச் சத்தம் நின்றது" என்று மட்டும் எழுதிவைத்திருந்தேன். அந்தக் காட்சியில் ஒரு பெண் கட்டிலில் அமர்ந்து துணி மடித்துக்கொண்டிருப்பாள்; வேறொன்றும் நடக்காது. மறுநாள் அந்த வரியை வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான், அந்த அறை வந்த ஒவ்வொரு காட்சியிலும் பழைய மின்விசிறி ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டே இருந்ததும், நாம் அதைக் கேட்பதையே மறந்துவிட்ட நிலையில் அது நின்றுபோனதும் விளங்கியது. திரையில் எதுவும் தோன்றுவதற்கு முன்பே அந்த நிசப்தம் முதுகைச் சில்லிட வைத்திருந்தது. அந்த ஒரு வரி இல்லாமலிருந்தால், "பின்னணி ஒலி நன்றாக இருந்தது" என்ற எந்தப் படத்துக்கும் பொருந்துகிற ஒரு வாசகத்தைத்தான் எழுதியிருப்பேன்.

பயம் எந்த வழியாக வந்தது

"பயங்கரமாக இருந்தது" என்பது கருத்தின் தொடக்கம் மட்டுமே. எந்த வகைப் பயம், எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்லும்போதுதான் அது கேட்பவருக்குப் பயன்படும். இதற்குத் திகில் பட இயக்குநர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்ஸுவா த்ரூஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் தந்த விளக்கத்தைவிடத் தெளிவான ஒன்றை நான் பார்த்ததில்லை. இருவர் மேசையில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்கு அடியில் வெடிகுண்டு. அது இருப்பது நமக்குத் தெரியாமல் திடீரென வெடித்தால், 15 விநாடி அதிர்ச்சி. அது இருப்பதும் எப்போது வெடிக்கும் என்பதும் நமக்கு மட்டும் தெரிந்திருந்து அவர்கள் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தால், 15 நிமிடப் பதைபதைப்பு. நீங்கள் பார்த்த படம் இவற்றில் எதை நம்பியிருந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு படத்தில் அதிர்ச்சிகள் நிறைய இருந்து பதைபதைப்பு எங்குமே இல்லாவிட்டால், அரங்கில் அலறியவர்கள்கூட வீடு வருவதற்குள் அதை ஏன் மறந்துவிட்டார்கள் என்பதற்கு அங்கே விடை கிடைக்கும்.

திடுக்கிட வைக்கும் உத்தியை, அதாவது இன்று எல்லோரும் ஜம்ப் ஸ்கேர் என்று சொல்வதை, மட்டமானது என்று ஒரேயடியாக ஒதுக்குவதும் சரியல்ல. 1942இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில், இரவில் தனியே நடந்துபோகும் பெண்ணைக் காலடிச் சத்தம் ஒன்று பின்தொடர்கிறது. சற்றுப் பொறுத்து அந்தச் சத்தமும் நின்றுவிடுகிறது. அவள் நடை ஓட்டமாகிறது. ஏதோ பாயப்போகிறது என்று நாம் உறைந்திருக்கும் நொடியில், சீறும் ஓசையோடு திரைக்குள் பாய்ந்து நிற்பது ஒரு பேருந்து. ஆபத்து எதுவும் வரவில்லை. ஆனால் அதற்கு முந்தைய நடையும் நிசப்தமும் அந்த ஒரு நொடிக்கு அத்தனை கனத்தைச் சேர்த்துவைத்திருந்தன. எனவே திடுக்கிட்ட இடத்தைப் பற்றி எழுதும்போது, அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தில் படம் என்ன செய்தது என்றும் பாருங்கள். முன் ஏற்பாடு எதுவுமே இல்லாமல் இசைக்கருவிகள் மட்டும் ஓங்கி அலறியிருந்தால், நீங்கள் துள்ளியது சத்தத்துக்குத்தான், கதைக்கு அன்று; அதை அப்படியே சொல்லிவிடலாம்.

எதைக் காட்டாமல் விட்டார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. 1975இல் வெளியான 'ஜாஸ்' படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா கடல்நீரில் அடிக்கடி பழுதாகி நின்றதால், அதைக் காட்டாமலே காட்சிகளை நகர்த்த வேண்டியதாயிற்று. முதல் ஒரு மணி நேரத்தில் சுறாவின் முழு உருவம் தெரிவதேயில்லை. இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸின் இரண்டே சுரங்கள்தான் அது வருவதைச் சொல்கின்றன. நீங்கள் பார்த்த படத்தில் பேயோ கொலைகாரனோ முதன்முதலில் முழுதாகத் தெரிந்த இடத்துக்குப் பிறகு பயம் கூடியதா, குறைந்ததா? இந்தக் கேள்விக்கு விடை எழுதினாலே ஒரு நல்ல பத்தி தானாக அமைந்துவிடும். அதில் ரகசியம் எதையும் உடைக்கவும் வேண்டியிராது.

இசையைப் பற்றிப் பேசுகையில், அது இல்லாவிட்டால் அந்தக் காட்சி என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். 'சைக்கோ' படத்தின் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் நரம்பிசைக் கருவிகளை மட்டும் வைத்து அமைத்ததைக் கேட்டபின் மனத்தை மாற்றிக்கொண்டார். படத்தை மீண்டும் போட்டுப் பார்க்க வசதி இருந்தால், உங்களை உலுக்கிய காட்சியை ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டும், ஒருமுறை திரையைப் பாராமல் ஒலியை மட்டும் கேட்டும் பாருங்கள். பயம் எதில் குடியிருந்தது என்பது ஐந்து நிமிடத்தில் புலப்படும்.

குற்றப் படம் நேர்மையாக ஆடியதா

குற்றப் படத்தில் முதலில் தெளிவுபடுத்த வேண்டியது, படம் நம்மை எந்தக் கேள்வியோடு உட்கார வைக்கிறது என்பதே. யார் செய்தது என்று தேட வைக்கும் படம் ஒரு வகை. யார் செய்தது என்று தொடக்கத்திலேயே காட்டிவிட்டு, எப்படி அகப்படப்போகிறான் என்று காத்திருக்க வைப்பது இன்னொரு வகை. ஏன் செய்தான் என்று குற்றவாளியின் மனத்துக்குள் இறங்கும் படங்களும் உண்டு. மூன்றாம் வகைப் படத்தைப் பார்த்துவிட்டு, "கொலைகாரன் யாரென்று முதலிலேயே ஊகித்துவிட்டேன்" என்று குறை சொல்வது, படம் கேட்காத கேள்விக்கு விடை சொல்வதாகும்.

யார் என்று தேட வைக்கும் படமாக இருந்தால், அது பார்வையாளரிடம் நேர்மையாக நடந்துகொண்டதா என்று பார்க்கலாம். ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே குறிப்பிடப்பட்டவராக இருக்க வேண்டும், துப்பறிபவர் கண்டுபிடிக்கும் தடயத்தை வாசகரிடம் மறைக்கக்கூடாது என்பவை அவற்றுள் அடங்கும். எல்லாப் படமும் இவற்றுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதில்லை. ஆனால் கடைசி நேரத்தில் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்திப் பழியை அவர்மேல் போடும் படம் ஏமாற்றத்தைத் தருவது ஏன் என்று விளக்க இவை உதவும். "முடிவு எனக்குப் பிடிக்கவில்லை" என்பதைவிட, "முடிவுக்குத் தேவையான தடயங்களைப் படம் எங்குமே தரவில்லை" என்பது வலுவான கருத்து. பெயர் எதையும் சொல்லாமலே அதைச் சொல்லிவிடலாம்.

கதையமைப்பையும் கவனியுங்கள். 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்', பாடலே இல்லாமல், ஒரே கொலையைப் பலருடைய வாக்குமூலங்களின் வழியாகச் சொன்னது. அத்தகைய படத்தைப் பற்றி எழுதும்போது, ஒவ்வொருவர் சொல்வதையும் நாம் எந்த அளவு நம்பினோம், ஏன் நம்பினோம் என்பதே பேசுபொருள். லாஜிக் ஓட்டைகளை எண்ணுவதில் சிலருக்குத் தனி விருப்பம் உண்டு. என் கணக்கில், படம் பார்க்கும்போதே உறுத்திய ஓட்டைக்கு மட்டுமே மதிப்பு. மூன்று நாள் கழித்துத் தோன்றியது அவ்வளவாகப் பொருட்டில்லை. ஆனால் முழு முடிச்சும் அந்த ஓட்டையின்மேல் நின்றால் அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ரகசியம் கசியும் வழிகள்

1955இல் பிரெஞ்சு மொழியில் வந்த 'லே டியாபோலிக்' படத்தின் இறுதியில், பார்த்ததை நண்பர்களிடம் சொல்லி அவர்களுடைய ஆர்வத்தைக் கெடுக்க வேண்டாம் என்று வேண்டும் ஓர் அறிவிப்பு திரையில் வரும். 1960இல் 'சைக்கோ' வெளியானபோது, படம் தொடங்கியபின் யாரையும் உள்ளே விடக்கூடாது என்ற விதியையே ஹிட்ச்காக் ஏற்படுத்தினார். முடிச்சைக் காப்பாற்றும் பொறுப்பைப் படைப்பாளிகள் எவ்வளவு பெரிதாக எண்ணினார்கள் என்பதற்கு இவை போதும்.

ஆனால் ஸ்பாய்லர், அதாவது ரகசியத்தை முன்கூட்டியே உடைத்துவிடுவது, என்பது குற்றவாளியின் பெயரைச் சொல்வது மட்டுமில்லை. இதை நான் தெரிந்துகொண்டது ஒரு நண்பரின் வழியாக. "கடைசிப் பத்து நிமிடத்தை நீங்கள் எதிர்பார்க்கவே மாட்டீர்கள்" என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தேன். கதையில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. படம் முழுவதும் அந்தப் பத்து நிமிடத்தை எதிர்பார்த்தே உட்கார்ந்திருந்ததாகவும், நல்லவராகத் தெரிந்த ஒவ்வொருவரையும் அதனாலேயே சந்தேகப்பட்டதாகவும், பாதியிலேயே ஆளைப் பிடித்துவிட்டதாகவும் அவர் வருத்தத்தோடு சொன்னார். ட்விஸ்ட் இருக்கிறது என்று சொல்வதே பாதி ட்விஸ்ட்டை உடைப்பதுதான். அதேபோல், "இன்ன படத்தைப் போலவே இருக்கிறது" என்ற ஒப்பீடு, அந்தப் பழைய படத்தின் முடிவு தெரிந்தவருக்குப் புதிய படத்தின் முடிவையும் சொல்லிவிடும். "இவ்வளவு பெரிய நடிகர் இந்தச் சின்ன வேடத்தில் ஏன் நடித்தார் என்று போகப்போகத் தெரியும்" என்பதும் அப்படியே.

நான் கடைப்பிடிக்கும் அளவுகோல் ஒன்றுதான்: படத்தின் முதல் கால் பகுதியில் நடப்பதை மட்டும் கதையாகச் சொல்வேன். அதற்கு அப்பாலுள்ளதை, என்ன நடந்தது என்று சொல்லாமல், எப்படிச் சொல்லப்பட்டது என்று பேசுவேன். முடிவைப் பற்றி விவாதித்தே தீர வேண்டும் என்றால், அதைத் தனிப் பகுதியாகப் பிரித்து, படம் பார்த்தவர்கள் மட்டும் படிக்கலாம் என்ற எச்சரிக்கையை மேலே வைத்து, அந்த எச்சரிக்கைக்கும் முதல் வரிக்கும் இடையே போதிய இடைவெளி விடுவேன். கண் தானாகவே கீழே ஓடிவிடும்.

மறைக்கக் கூடாதவை

சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைகள்மீதான வன்முறை, பாலியல் வன்கொடுமை, தற்கொலை, மிருகவதை ஆகியவை படத்தில் இருந்தால், யாருக்கு நேர்கிறது என்று சொல்லாமல், இருக்கிறது என்பதை மட்டும் முதலிலேயே குறிப்பிடுங்கள். படிப்பவர்களில் அத்தகைய வேதனையைக் கடந்துவந்தவர் ஒருவர் இருக்கக்கூடும். அவருக்கு அந்த ஒரு வரி எந்த முடிச்சையும்விட முக்கியம்.

உண்மைச் சம்பவத்தைத் தழுவிய குற்றப் படமாக இருந்தால் கூடுதல் பொறுப்பு வேண்டும். போங் ஜூன் ஹோவின் 'மெமரிஸ் ஆஃப் மர்டர்' 2003இல் வந்தபோது, அதற்கு அடிப்படையான தென்கொரியத் தொடர்கொலைகளைச் செய்தவன் யாரென்று தெரியாது. 2019இல்தான் மரபணுச் சோதனை மூலம் தெரியவந்தது. படம் எடுக்கப்பட்டபோது என்ன தெரிந்திருந்தது, பிறகு என்ன தெரியவந்தது என்பதைக் கலந்துவிடாமல் எழுத வேண்டும். பலியானவர்களின் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன என்ற நினைவோடு, "கொலைகள் செம சுவாரசியம்" போன்ற வாசகங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

எப்படிப் பார்த்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். வெளிச்சமான அறையில் கைப்பேசித் திரையில், நடுநடுவே நிறுத்தி நிறுத்திப் பார்த்தவருக்கும், இருட்டில் ஹெட்போனோடு ஒரே மூச்சில் பார்த்தவருக்கும் கிடைத்தது ஒரே அனுபவம் ஆகாது. ஒலியை நம்பி எடுத்த படத்துக்கு இந்த வேறுபாடு மிகப் பெரிது.

கருத்து வேறுபடும்போது

"எனக்குக் கொஞ்சம்கூடப் பயம் வரவில்லை" என்று ஒருவர் சொன்னால், அது அவருடைய உண்மை. அதில் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் பயந்தவரைக் கேலி செய்யும் தொனியில் அதைச் சொல்வது பேச்சையே முடித்துவிடும். அதற்கு மாறாக, "உங்களுக்கு எந்த இடத்தில் பயம் வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். நான் சலிப்பு என்று ஒதுக்கிய ஒரு நீண்ட காட்சியில், பின்னால் இருந்த கண்ணாடிச் சன்னலில் ஒரு முகம் முழு நேரமும் நின்றிருந்ததை இப்படிக் கேட்டபோதுதான் ஒருவர் எனக்குக் காட்டினார். திரும்பிப் போய்ப் பார்த்தேன்; நின்றுகொண்டுதான் இருந்தது. அன்றே என் பழைய குறிப்பின் கீழே தேதியிட்டு, முன்பு எழுதியதை அழிக்காமல், புதிதாகக் கண்டதைச் சேர்த்து எழுதினேன்.