கணினி இழுக்கிறதா? கிளீனர் போடுவதற்கு முன் இதைப் பாருங்கள்

கணினி மெதுவானதும் முதலில் கை போவது ஏதாவது ஒரு ‘கிளீனர்’ மென்பொருளிடம்தான். ஏற்கெனவே திணறும் கணினியில் பின்னணியில் ஓட இன்னொன்று சேர்கிறது, அவ்வளவே. தடங்கல் எங்கே என்று தெரியாமல் எதைத் துடைத்தாலும் வேகம் வராது. அதைக் கண்டுபிடிக்கும் கருவி விண்டோஸிலேயே இருக்கிறது.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ‘பெர்ஃபாமன்ஸ்’ பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கமாக எந்த வேலையில் கணினி தடுமாறுமோ அதையே செய்யுங்கள். சிபியு, மெமரி (அதாவது ரேம்), டிஸ்க் மூன்றில் எது உச்சத்தில் போய் நிற்கிறதோ அங்கேதான் பிரச்சினை. கணினியைப் போட்ட முதல் சில நிமிடங்களைக் கணக்கில் எடுக்காதீர்கள். அப்டேட், ஆன்ட்டி வைரஸ் எல்லாம் அப்போதுதான் முட்டி மோதிக்கொண்டிருக்கும்.

ரேமைக் காலி செய்தால் வேகம் கூடுமா?

கூடாது, குறையவே வாய்ப்பு அதிகம். மீதமிருக்கும் ரேமில், சற்றுமுன் பயன்படுத்திய கோப்புகளை விண்டோஸ் வைத்துக்கொள்ளும். வேறு நிரலுக்கு இடம் தேவைப்பட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடும். ‘ரேம் பூஸ்டர்’ இவற்றையெல்லாம் வெளியே தள்ளுகிறது. திரையில் எண் இறங்குவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அடுத்த கிளிக்கில் அதே கோப்புகளை டிஸ்க்கிலிருந்து மறுபடியும் படிக்க வேண்டும்.

பார்க்க வேண்டிய எண், மெமரி பக்கத்தின் கீழே உள்ள ‘கமிட்டட்’. முதல் எண் நிரல்களுக்கு ஒதுக்கிய அளவு, இரண்டாவது அதன் வரம்பு. 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் அங்கே 10.4/12.8 என்று இருந்து, நிரல் மாறும்போதெல்லாம் டிஸ்க்கும் சேர்ந்து ஓடினால் ரேம் போதவில்லை என்று கொள்ளலாம். அப்போது கூடுதல் ரேம் போட்டால் வித்தியாசம் தெரியும். அப்படி இல்லாத கணினியில் 16 ஜிபியை 32 ஆக்கினாலும் பிரவுசர் அதே வேகத்தில்தான் திறக்கும். வாங்குமுன் அதே பக்கத்தில் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் உள்ளது என்று பாருங்கள். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது. சில லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். மாற்ற வழியே கிடையாது.

ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் பேஜ் ஃபைலை அணைத்தால் டிஸ்க் வேலை குறையும் என்பது இதோடு சேர்ந்த இன்னொரு யோசனை. வேண்டாம். ரேம் நிரம்பும் நேரத்தில் நிரல்கள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும்.

ரெஜிஸ்ட்ரி, பிரீஃபெட்ச், எஃப்5

விண்டோஸும் நிரல்களும் தங்கள் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஆயிரம் பழைய பதிவுகள் கிடந்தாலும் வேகத்தில் தெரியாது. ஒரு நிரல் தனக்கு வேண்டிய பதிவை நேராகப் போய் எடுக்கிறது. மொத்தத்தையும் புரட்டிப் பார்ப்பதில்லை. கிளீனர் தவறுதலாக ஒன்றை நீக்கிவிட்டால்தான் வம்பு. பிரீஃபெட்ச் கோப்புறை, நிரல்களைச் சீக்கிரம் திறப்பதற்காக விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு. அதை அழித்தால் அடுத்த முறை மெதுவாகத் திறக்கும். பார்த்த பக்கங்களின் கோப்புகளைச் சேமித்துவைக்கும் பிரவுசர் கேஷும் அப்படித்தான். டெஸ்க்டாப்பில் எஃப்5 அழுத்துவது ஐகான்களை மீண்டும் வரைகிறது, வேறொன்றும் இல்லை.

எம்எஸ்கான்ஃபிக் வித்தை

இது உண்மையிலேயே கெடுதல் செய்யக்கூடியது. விண்டோஸ் தொடங்கும் விதத்தை மாற்றும் கருவியான எம்எஸ்கான்ஃபிக்கைத் திறந்து, பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய், பிராசஸர் எண்ணிக்கையை அதிகபட்சமாக வைக்கச் சொல்வார்கள். அந்தப் பெட்டியில் டிக் இல்லாதபோது விண்டோஸ் எல்லா கோர்களையும் (சிபியுவுக்குள் உள்ள செயல் அலகுகள்) பயன்படுத்துகிறது. டிக் போட்டால் அது உச்சவரம்பு ஆகிவிடும். பட்டியலில் 1 என்று இருப்பதைக் கவனிக்காமல் ஓகே கொடுத்தால், 8 கோர் உள்ள கணினி ஒற்றைக் கோரில் ஓடும். பக்கத்தில் உள்ள ‘மேக்ஸிமம் மெமரி’யும் அதே ரகம். இரண்டிலும் டிக் இருந்தால் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

தினமும் ஷட்டவுன் செய்கிறேனே?

விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி உண்டு. அது இயங்கும் கணினியில் ஷட்டவுன் கொடுத்தாலும், விண்டோஸின் உட்பகுதி அப்படியே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு மறுநாள் திரும்ப ஏற்றப்படும். சிபியு பக்கத்தில் ‘அப் டைம்’ பாருங்கள். நேற்று அணைத்த கணினி 12 நாளாக ஓடுவதாகச் சொல்லும். புதிதாகத் தொடங்க வேண்டுமானால் ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும். அத்தோடு டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் தேவையில்லாதவற்றை ‘டிசேபிள்’ செய்யுங்கள். டச்பேட், ஒலி தொடர்பானவற்றைத் தொட வேண்டாம்.

பெரும்பாலும் குற்றவாளி டிஸ்க்தான்

பழைய கணினியில் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டும்; கீழே படிக்கும் வேகம் பார்த்தால் நொடிக்கு 1.3 எம்பி. முரண்பாடுபோல் தெரிந்தாலும் ஹார்ட் டிஸ்க்கின் இயல்பே அதுதான். ஒரே பெரிய கோப்பைப் படிக்கும்போது நொடிக்கு 100 எம்பி தரும் டிஸ்க், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய சிறு துண்டுகளைப் படிக்க ஒவ்வொரு முறையும் படிக்கும் தலையை நகர்த்த வேண்டும். ஒரு நகர்வுக்குச் சுமார் 10 மில்லிநொடி. ஆக, நொடிக்கு ஏறத்தாழ நூறு துண்டுகள். விண்டோஸ் தொடங்கும்போது கேட்பது பெரும்பாலும் துண்டுகளைத்தான். சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க்கான எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லாததால் பல்லாயிரம் துண்டுகள் வரும். இதற்கு மாற்றாக எந்த மென்பொருளும் கிடையாது.

எஸ்எஸ்டியை டிஃப்ராக் செய்ய (சிதறிய துண்டுகளை ஒன்றாக அடுக்க) வேண்டியதில்லை. அதற்காக ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ அட்டவணையை அணைத்துவிடவும் கூடாது: எஸ்எஸ்டி என்றால் அது, எந்த இடங்கள் காலி என்று தெரிவிக்கும் டிரிம் கட்டளையை அனுப்புகிறது. சி டிரைவில் பத்தில் ஒரு பங்காவது காலியாக வையுங்கள். விளிம்புவரை நிரம்பிய எஸ்எஸ்டியில் எழுதும் வேகம் விழும்.

நன்றாக ஓடிய ஹார்ட் டிஸ்க் திடீரென்று மெதுவானால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற கருவியில் ஸ்மார்ட் விவரம் (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் பதிவு) பாருங்கள். ‘ரீஅலோகேட்டட்’ (கெட்டுப்போய் மாற்றப்பட்ட), ‘பெண்டிங்’ (சந்தேகத்துக்குரிய) செக்டர்களின் ‘ரா’ மதிப்பு பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் டிஃப்ராக், ஸ்கேன் எதுவும் ஓட்டாமல் முதலில் முக்கியமான கோப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள்.

எஸ்எஸ்டி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: போர்டில் நேராகச் செருகும் எம்.2 வடிவத்திலேயே சாட்டா, அதைவிட வேகமான என்விஎம்இ என இரண்டு வகை உண்டு. சில ஸ்லாட்டுகள் ஒன்றை மட்டுமே ஏற்கும். கணினியின் கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அன்றாட வேலைக்குச் சாட்டாவே போதும். விண்டோஸைக் காப்பி பேஸ்ட் செய்து மாற்ற முடியாது. புதிய எஸ்எஸ்டியை யூஎஸ்பி அடாப்டரில் மாட்டி, பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் (முழு நகல்) செய்ய வேண்டும். டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் அதன் மீட்பு எண்ணை முன்பே எழுதி வையுங்கள். குளோன் முடிந்து முதல்முறை பூட் செய்யும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றியே வைத்திருங்கள்.

சிபியு உச்சத்தில் நின்றால்

‘பிராசஸஸ்’ பக்கத்தில் எந்த நிரல் தின்கிறது என்று தெரிந்துவிடும். நிரல் எதுவும் அசாதாரணமாக இல்லாமல், வேலை நடக்கும்போதே ‘ஸ்பீடு’ அடிப்படை வேகத்துக்கும் கீழே, 0.8 கிகாஹெர்ட்ஸ்போல் ஒட்டிக்கொண்டு நின்றால் சூட்டைச் சந்தேகியுங்கள். கணினியை அணைத்து, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, காற்றடித்துத் தூசியை எடுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரின் வாட் அளவையும் பாருங்கள். திறன் குறைந்த சார்ஜர் மாட்டியிருந்தாலும் சில லேப்டாப்கள் இதேபோல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.