பசுமைக்குடில்ல இயற்கை மரக்கறி: கணக்குப் பிழைக்கிற இடங்கள்

யாழ்ப்பாணத்தில பசுமைக்குடில் போடப்போறன் எண்டு வாற ஆக்கள் முதல்ல கேக்கிறது, போட எவ்வளவு முடியும் எண்டுதான். நட்டம் வாறது அதில இல்லை, பிறகுதான்.

குடிலை மூடுற பொலித்தீனைக் கனபேர் கணக்கிலயே எடுக்கிறேல்ல. வெயில் தாங்கிற யூவி பொலித்தீன் எண்டாலும் எங்கட வெயிலுக்கும் கச்சான் காத்துக்கும் மூண்டு நாலு வருசத்தில கிழியத் தொடங்கும், ஒரு பேச்சுக்கு 90,000 ரூபாய்க்குப் போட்டு 3 வருசத்தில மாத்திறியள், வருசம் 2 போகம் எண்டா ஒவ்வொரு போகத்திலயும் 15,000 அதுக்கெண்டே எடுத்து வைக்கவேணும்.

மற்றது, நுவரெலியாப் பக்கம் பாத்திட்டு வந்து அதே மாதிரி மூடிக் கட்டுறது. அது குளிருக்குக் கட்டினது. இங்க சித்திரை வைகாசியில மத்தியானம் உள்ளுக்க பத்து நிமிசம் நிண்டு பாருங்கோ, குடைமிளகாய்ப் பூ காலடியில கொட்டிக் கிடக்கும். கூரையில வெக்கை போக வழி விடுங்கோ, சுத்திவர பூச்சிவலை போதும்.

பெரிய பிழை இதுதான்: தும்புத்தூள் பையில நட்டு அல்பேர்ட் கரைசல் விட்டுட்டு, மருந்து அடிக்கேல்லத்தானே, அப்ப இயற்கை எண்டு சொல்லுறது. அல்பேர்ட் இரசாயன உரம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில மண்ணில்லாமத் தண்ணிக் கரைசல்ல வளத்தது இயற்கை விளைச்சலே இல்லை. வாங்கிற சனத்தை ஏமாத்தக்கூடாது. மண்ணில மாட்டெரு, குழை, வேப்பம் பிண்ணாக்கு போட்டுச் செய்யிறதெண்டா விளைச்சல் கொஞ்சம் குறையும் எண்டு முதலே எழுதி வையுங்கோ.

எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, சொட்டுநீர்க் குழாய் வாயில வெள்ளையாப் படிஞ்சு அடைச்சிடும், கவனிக்காட்டி ஒரு வரிசையே வாடினாப் பிறகுதான் தெரியும்.

விலைக்கு வருவம். சந்தையில இயற்கைக்கெண்டு தனி விலை இல்லை, அதுக்குள்ள 100 கிலோ குடுத்தா 10 கிலோவைக் கழிவெண்டு வெட்டிப்போட்டு மிச்சத்துக்குத்தான் காசு தாற வியாபாரியளும் இருந்தவை. நடமுதலே வீடுகள், கடைகள், ஹோட்டலுகளோட கதைச்சு கிழமைக்கு எத்தினை கிலோ எடுப்பினம் எண்டு கேளுங்கோ. தை மாசியில தோட்டத் தக்காளி வந்து குவியேக்க நீங்களும் கொண்டுபோய்ப் போட்டா பொலித்தீன் காசும் மிஞ்சாது. ஐப்பசி கார்த்திகை மழையில வெளியில எல்லாம் அழுகி நிக்கேக்க உங்கட குடில்ல காய் பழுக்கவேணும், அதுக்கு ஆவணியிலயே நாத்து மேடை போட்டிருக்கவேணும்.