கருவறை இருட்டில் கண்ணைப் பழக்குவது எப்படி

அரூரில் கண்ணாடிக் கடை வைத்து 26 வருடம் ஆகிறது. பவர் பார்க்க உட்காருகிறவர்கள் கேட்காத கேள்வி இல்லை. போன மாதம் ஒருவர், ட்ரையல் ஃபிரேம் மூக்கில் தொங்க, ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு, "கடவுளைக் கண்ணால பாக்க முடியுமா சார்?" என்றார். "முதல்ல மூணாவது வரியைப் படிங்க" என்று சொல்லிவிட்டேன். ஆனால் கேள்வி போகவில்லை. மோட்சத்துக்கு வழி சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. பக்கத்துத் தீர்த்தமலைச் சிவன் கோயிலுக்கு ஏறிப் போய்ச் சாமி முன்னால் நிற்கிறவர் ஏதாவது உருப்படியாகப் பார்த்துவிட்டு இறங்க என்ன செய்யலாம் என்பது மட்டும் தெரியும். அதைச் சொல்கிறேன்.

முதலில் கண்ணாடியைக் கவனியுங்கள். வெயிலில் கறுக்கும் போட்டோகுரோமிக் லென்ஸ் போட்டிருந்தால், உள்ளே நுழைந்ததும் அது தெளிந்துவிடாது. சில நிமிடம் பிடிக்கும். பாறை வெயிலில் ஏறி நேரே சன்னதிக்குள் போனால், கூலிங் கிளாஸோடு சாமி கும்பிடுகிற கதைதான். சாதாரணக் கண்ணாடி ஒன்று இருந்தால் பையில் எடுத்து வாருங்கள். குரங்குகள் உண்டு, கையில் பிடிக்க வேண்டாம். பைஃபோகல்காரர்கள் படி இறங்கும்போது தலையை நன்றாகக் குனிந்து மேல் பாதி வழியாகப் பாருங்கள். கீழ்ப் பாதி படிக்க வைத்தது, அதில் படிக்கட்டு கலங்கித் தெரியும். இந்தப் படியில் விழுந்து ஃபிரேமை வளைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு நான் நிமிர்த்திக் கொடுத்திருக்கிறேன்.

மேலே ராமர் தீர்த்தத்தில் தலையைக் காட்டியாயிற்று. ராமர் அம்பு விட்டு வரவழைத்த தண்ணீர் என்பார்கள். அப்புறம் சன்னதி. இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறோம். வெயிலிலிருந்து இருட்டுக்கு வந்தால் கண் பாப்பா சில நொடியில் விரிந்துவிடும், ஆனால் விழித்திரை பழகப் பத்து நிமிடமாவது வேண்டும். முழுசாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் மெதுவாக. நாமோ வந்த நொடியில் எட்டிப் பார்த்து, "ஒண்ணும் தெரியல" என்று நகர்ந்துவிடுகிறோம். கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். மண்டபத்துத் தூண் ஓரமாக உட்காருங்கள். செல்போனை எடுக்காதீர்கள், ஒரு தடவை திரையைப் பார்த்தால் பழகின கண் பாதி வீண்.

பழகினபின் ஒரு வித்தை இருக்கிறது. மங்கலில் ஒரு பொருளைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் அதையே முறைக்கக் கூடாது, கொஞ்சம் பக்கத்தில் பார்க்க வேண்டும். விழித்திரையின் நட்ட நடுவில் இருப்பவை பகலுக்கான கூம்பு செல்கள். இருட்டுக்கு உதவும் குச்சி செல்கள் நடுப்புள்ளியில் கிடையாது, அதைச் சுற்றித்தான் இருக்கின்றன. நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கு இது பழக்கமான விஷயம். விளக்கைப் பார்க்காமல், லிங்கத்துக்குச் சற்றுப் பக்கத்தில் பார்வையை வைத்தீர்களென்றால் லிங்கத்தின் வடிவம் ஓரத்தில் தானாக எழும்பி வரும். நிறம் தெரியாது, உருவம் தெரியும். நேரே திரும்பினால் மறுபடி மங்கும்.

தீபாராதனையைப் பற்றி ஒரு வருத்தம். மணி அடித்து, கற்பூரம் ஏற்றி, அர்ச்சகர் தட்டைத் தூக்கிக் காட்டுவது இருட்டில் இருப்பதை நமக்குக் காட்டத்தான். சரியாக அந்த நேரம் பார்த்து எல்லாரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்! நானும் நாற்பது வயது வரைக்கும் மூடினவன்தான். திறந்து வையுங்கள். வேண்டுதலை வெளியே வந்து சொல்லிக்கொள்ளலாம்.

இதெல்லாம் கல்லைப் பார்க்கத்தானே, கடவுளைப் பார்க்கவா என்று கேட்பீர்கள். கடைக்கு வரும் போதகர் ஒருவரிடம் கேட்டேன். மோசே கேட்டபோது, என் முகத்தைக் கண்டு மனிதன் உயிரோடிருக்க முடியாது என்று பதில் வந்ததாம். பாறைப் பிளவில் அவனை நிறுத்தி, கையால் மூடி, கடந்துபோனபின் முதுகை மட்டும் காட்டினாராம். லென்ஸ் மாற்ற வந்த ஹஜ்ரத் சொன்ன கதையில் அதே மூஸா கேட்கிறார், மலை தூள் தூளாகிறது, மூஸா மயங்கி விழுகிறார். கீதையில் அர்ச்சுனனுக்குப் புதுக் கண்ணே கொடுக்கப்படுகிறது. விசுவரூபத்தைப் பார்த்துவிட்டு அவன் என்ன கேட்டான்? பழைய உருவத்தையே காட்டு என்றான். புதுப் பவர் போட்டுக்கொண்டு போய், மறுநாளே "பழைய கண்ணாடியே தேவலை சார்" என்று வருகிறவர்கள் எனக்கும் உண்டு.

எனக்குப் பிடித்தது பொய்கை, பூதம், பேய் என்ற முதலாழ்வார்கள் மூவரின் கதை. நம் அனுமன்தீர்த்தம் வழியாகப் போகும் தென்பெண்ணை கீழே திருக்கோவிலூரையும் தொடுகிறது. அங்கே மழை இரவில் ஒரு இடைகழி. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம். மூவரும் நின்றபோது நாலாவதாக யாரோ நெருக்கினார்கள். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் தோளில் இடித்தது. விளக்கேற்றிப் பெருமாளைப் பாடியது அதற்குப் பிறகு. எந்தச் சார்ட்டிலும் இந்த வரிசை கிடையாது.

கடைசியாக ஒன்று. முடிந்தால் பார்வை குறைந்த யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். என் அம்மாவுக்குக் கண் நீர் அழுத்தம். போன பார்வை திரும்பாது. வருடா வருடம் அவளுக்குப் பவர் பார்த்துக் கண்ணாடி போட்டுக் கொடுத்த நான், ஒரு தடவைகூட கண் பிரஷர் பார்க்க அனுப்பவில்லை. (நாற்பது தாண்டினவர்கள் தயவுசெய்து பாருங்கள். இந்த நோய் பெரும்பாலும் வலிக்காது, அதனாலேயே தெரியாமல் போகிறது.) மூன்று வருடம் முன்னால் அவளைக் கைபிடித்து மேலே கூட்டிப் போனேன். கண் மூடாமல்தான் நின்றேன். வெளியே வந்து உட்கார்ந்ததும் கேட்க ஆரம்பித்தாள். என்ன பூ? அரளியா, சாமந்தியா? வஸ்திரம் என்ன நிறம்? நெற்றியில் பட்டை போட்டிருந்ததா? உள்ளே விளக்கு எத்தனை?

"ரெண்டும்மா."

"நல்லா பாத்தியா?"

எழுந்து மறுபடி உள்ளே போனேன். தூண் ஓரமாக நின்று, கண் பழகும்வரை காத்திருந்து, பக்கத்தில் பார்த்து எண்ணினேன். இரண்டு பெரியது. ஆவுடைக்குப் பின்னால், சுவர் ஓரத்தில், திரி கருகி அணையப்போகிற மாதிரி இன்னொன்று. பிறந்ததிலிருந்து வந்துகொண்டிருக்கிற கோயில், அந்த விளக்கை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அது என்னைப் பதினைந்து நிமிடம் அங்கேயே நிறுத்திவிட்டது.

இப்போது அம்மாவால் படி ஏற முடிவதில்லை, அடிவாரக் கோயிலோடு நின்றுவிடுகிறாள். நான் மேலே கிளம்பும்போது ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புகிறாள்: "அந்த மூணாவது விளக்குல எண்ணெய் இருக்கான்னு பாத்துட்டு வா."