புது நாயகனோடு ஒத்துப்போவது எப்படி?

மெட்டல் கியர் சாலிட் 2 வீடியோ கேமில் (2001) கப்பல் அத்தியாயம் முடிந்ததும் பழைய நாயகன் ஸ்னேக் போய், புது ஆள் ரெய்டன் வந்து நின்றான். கடுப்பில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். அவனுக்குள் ஸ்னேக்கைத் தேடியது என் தப்பு.

முந்தைய பாகத்தை முடித்த சூட்டோடு அடுத்ததைத் தொடாதீர்கள். புது ஆளின் கதையை விடுங்கள், முதலில் அவரை வைத்து ஆடும் விதத்தைப் பழகுங்கள். தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 2-ல் (2020) ஏற்கெனவே பழகிய எல்லிக்கு மடக்குக் கத்தி என்றால், புதிதாக வரும் அபிக்கு முஷ்டி. அபியை வைத்து எல்லி ஆட்டம் ஆடினால் எரிச்சல்தான் மிஞ்சும். நானே பலமுறை செத்தேன். நெருங்கிப்போய்க் குத்தத் தொடங்கிய பிறகுதான் அவளை ரசித்தேன்.

கதையில் அபி செய்ததை மன்னிக்கவில்லை. அது வேறு கணக்கு. பிடிக்காத ஆளையும் மதிக்கலாம்.

ரெய்டன்? 2013-ல் அவனுக்கென்றே தனி கேம் வந்தது. வாளைச் சுழற்றியதும் சரண்டர் ஆகிவிட்டேன்.